பொறுக்கிறேன், நன்றி வரவில்லை

அன்புள்ள ஐயா,

தாண்டிக்குடிக்குப் பக்கத்தில் காபியும் மிளகும் போட்டிருக்கிறோம். நாலு வருடம் முன்பு அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. குளிப்பாட்டுவது, ஊட்டுவது எல்லாம் நான்தான். பத்தாவதோடு என் படிப்பை நிறுத்தித் தோட்டத்தில் இறக்கிவிட்டவர் அவர். கை நீட்டாத நாள் குறைவு. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டுதான் பார்க்கிறேன். கோயிலில் பேசுகிற பெரியவரும் சரி, மிளகு எடுக்க வரும் பாயும் சரி, ‘பொறுமையா இரு, நன்றியோட இரு’ என்று இரண்டையும் சேர்த்தே சொல்கிறார்கள். பொறுமை இருக்கிறது, நன்றி எதற்கு? அவர் வைத்த மிளகுக் கொடிதான் இந்த வருடம் மருந்துச் செலவுக்கு ஆனது, அது வேறு விஷயம். தைப்பூசத்துக்குப் பழனி நடையும் இந்த முறை இல்லை. தங்கை வந்து பார்த்துக்கொள்கிறேன் என்றாள். நான்தான் வேண்டாம் என்றுவிட்டேன்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நோய்க்கு நன்றி சொல்லுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்பவர்கள் பெரும்பாலும் பீ மூத்திரம் அள்ளாதவர்கள். நம் மலையில் குறிஞ்சியைக் காட்டிப் பொறுமை போதிப்பவர்களும் எனக்கு ஆகாது. 2006-ல் பூத்தது, 2018-ல் பூத்தது, இனி 2030. வாஸ்தவம்தான். அந்தச் செடியை ராத்திரி இரண்டு மணிக்கு யாரும் கூப்பிட்டு எழுப்பவில்லையே!

ஆனால் பாய் சொன்னதைத் தள்ளிவிடாதீர்கள். ‘பொறுமையும் நன்றியும் மிக்கவர்’ என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லும் இடம் குர்ஆனில் நான்கு. அதில் இரண்டு, கடலில் போகும் கப்பலைப் பற்றிய பேச்சில் வருகின்றன. இறைவன் நினைத்தால் காற்றை நிறுத்திவிடுவான், கப்பல்கள் கடலின் முதுகில் அசையாமல் நின்றுவிடும் என்று ஓரிடத்தில் சொன்ன கையோடு இந்தச் சொற்கள். ஓடியபோதே அது காற்று தந்த ஓட்டம் என்று தெரிந்தவனால்தான் காற்று நின்ற பிறகும் தாங்க முடியும் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். தன் சாமர்த்தியத்தில் ஓடுகிறது என்றிருந்தவன், நின்றதும் யாரையாவது ஏசத் தொடங்குவான். பழைய இஸ்லாமிய அறிஞர் இமாம் கஸ்ஸாலியும் தன் ‘இஹ்யா’ என்ற பெரிய நூலின் 40 பகுதிகளில் 32-வதைப் பொறுமை, நன்றி இரண்டுக்கும் சேர்த்தே ஒதுக்கினார்.

வள்ளுவர் நேராக உங்கள் வீட்டுக்குள்ளேயே வருகிறார்.

‘கொன்றன்ன இன்னா செயினும் அவர்செய்த
ஒன்றுநன்று உள்ளக் கெடும்.’

109-வது குறள். பொறையுடைமையில் தேடினால் கிடைக்காது, செய்ந்நன்றி அறிதலில் இருக்கிறது. கொன்றதுபோன்ற கொடுமையே செய்திருந்தாலும், அவர் செய்த ஒரு நல்லதை நினைத்தால் போதும், கொடுமை அழிந்துபோகும் என்கிறார். வெறுமனே பல்லைக் கடித்துப் பொறுப்பவன் மனதில் கணக்கு ஏறிக்கொண்டே போகும். இத்தனை அடி வாங்கினேன், இத்தனை நாள் துடைத்துவிட்டேன் என்று. உங்கள் கடிதத்திலும் அந்தக் கணக்கு தெரிகிறது. தப்பில்லை, மனுஷர்தானே. ஆனால் அந்தப் பொறுமை ஒருநாள் கஞ்சிக் கிண்ணத்தை ‘ணங்’கென்று வைக்கும்.

‘அது வேறு விஷயம்’ என்று நீங்கள் தாண்டிப்போன வரியில் நான் நின்றுவிட்டேன். மிளகுக் கொடி காய்க்கத் தொடங்கவே மூன்று வருடம் ஆகும். நிறைந்து காய்க்க ஏழெட்டு வருடம். சில்வர் ஓக்கில் கொடியை அணைத்துக் கட்டி, வெயிலில் நிழல் காட்டி, மழையில் வேர் அழுகாமல் தண்ணீரை வடித்துவிட்டு அதை ஏற்றிவிட்டவர் அவர். அன்றைக்கும் உங்களை அடித்திருப்பார். இரண்டும் நடந்ததுதான். ஒன்றைச் சொல்லி இன்னொன்றை இல்லையென்று ஆக்க வேண்டியதில்லை. அடுத்த முறை களத்தில் மிளகைப் பரப்பும்போது ஒரு பிடி அள்ளிக்கொண்டுபோய் அவருடைய இடது கையில் வைத்துப் பாருங்கள். வாயால் எதுவும் சொல்ல வராவிட்டால் பரவாயில்லை.

அப்புறம் தைப்பூசம். தங்கையை ஏன் வேண்டாம் என்றீர்கள்? பொறுமைசாலி என்ற பெயரில் பங்கு போய்விடும் என்றா? கடுமையாகக் கேட்கிறேன், கோபிக்காதீர்கள். இடும்பனே சிவகிரியையும் சக்திகிரியையும் சுமந்து வந்து, பழனியில் இறக்கி வைத்து இளைப்பாறியவன்தான். மலையேறும்போது நடுவழியில் அவன் சன்னதியைக் கும்பிட்டுவிட்டுத்தானே மேலே போகிறோம்? இன்றைக்கே தங்கைக்குப் போன் போடுங்கள். எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, அப்பாவை எப்போது எந்தப் பக்கம் புரட்டிப் படுக்கவைப்பது, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.