பந்தியில் உட்காராமல் திரும்பியது

அன்புள்ள ஐயா,

நான் திருநெல்வேலி மாவட்டத்தில் ஒரு சபையின் வாலிபர் கூட்டத்தை நடத்துபவன். கல்லூரிக் காலம் முதல் என்னோடு சேர்ந்து ஜெபித்துவரும் நண்பனுக்குச் சென்ற மாதம் திருமணம் நடந்தது. அவன் வேறு சாதியைச் சேர்ந்தவன். ஆராதனைக்குப் போகலாம், அவர்கள் பந்தியில் மட்டும் உட்கார வேண்டாம் என்று பெற்றோரும் சபைப் பெரியவர்களும் சொன்னார்கள். அவர்கள் மனம் நோகக் கூடாதென்று நானும் சாப்பிடாமல் திரும்பிவிட்டேன். பெற்றோருக்குக் கீழ்ப்படிந்த பிள்ளை என்கிறார்கள், எனக்கோ நிம்மதியில்லை. நண்பனிடம் மன்னிப்புக் கேட்டால் போதுமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

"ஆகாத சம்பாஷணைகள் நல்லொழுக்கங்களைக் கெடுக்கும்" என்ற வசனத்தை வாலிபர் கூட்டங்களில் சொல்லும்போது, குடிக்கும் நண்பனையும் ஊர்சுற்றும் நண்பனையும்தான் நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் உயிர்த்தெழுதல் இல்லையென்று கொரிந்து சபைக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்த சிலருக்குப் பதில் தரும் அதிகாரத்தில்தான் அப்போஸ்தலன் பவுல் அதை எழுதினார். நம்மை நேசித்து, நமக்காக ஜெபித்து, சோறு போட்டு வளர்த்தவர்கள் வழியாகவும் அந்தக் கேடு வரலாம் என்பதை நம் பிரசங்கபீடங்களில் நான் அரிதாகவே கேட்டிருக்கிறேன்.

உங்களுக்கு நேர்ந்தது அந்தியோகியா நகரில் இயேசுவின் சீடர் பேதுருவுக்கு நேர்ந்ததேதான். கலாத்தியர் 2-ஆம் அதிகாரத்தை மறுபடியும் வாசித்துப் பாருங்கள். புறஜாதியாரோடு, அதாவது யூதரல்லாத விசுவாசிகளோடு, ஒரே பந்தியில் உண்டுவந்த பேதுரு, எருசலேமிலிருந்து அங்குள்ள சபைத் தலைவர் யாக்கோபைச் சார்ந்த சிலர் வந்தவுடன், "விருத்தசேதனமுள்ளவர்களுக்குப் பயந்து, விலகிப் பிரிந்தான்" என்கிறார் பவுல். விருத்தசேதனம் என்பது ஆண்களின் நுனித்தோலை நீக்கும் யூதச் சடங்கு. அறியாமையால் செய்தார் என்று சொல்ல வழியில்லை. எந்த மனிதனையும் தீட்டுள்ளவன் என்று சொல்லக் கூடாதெனத் தேவன் தமக்குக் காண்பித்ததாக, புறஜாதியாரான கொர்நேலியுவின் வீட்டில் அறிக்கையிட்டவர் அவர். கோழைத்தனம் என்றும் சொல்லிவிட முடியாது; யூதரின் ஆலோசனைச் சங்கத்தின் முன் நின்று, மனுஷருக்குக் கீழ்ப்படிவதைவிடத் தேவனுக்குக் கீழ்ப்படிவதே அவசியம் என்றவரும் அவர்தான். பகைவர் முன் அசையாமல் நின்ற அந்த மனிதர், சொந்த ஜனங்களின் முகம் சுளித்துவிடுமோ என்ற அச்சத்தில் தளர்ந்துபோனார். அவரைப் பார்த்து மற்ற யூதரும் விலகினார்கள்; பவுலின் உடன் ஊழியரான "பர்னபாவும் இழுப்புண்டான்." அந்தச் சிறு வாக்கியத்தை என்னால் துயரமில்லாமல் வாசிக்க முடிவதில்லை. உங்கள் வாலிபர்களில் எத்தனை பேர் அன்று உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இது நம் மண்ணிலும் பழைய நோய். 1833-இல் கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பிஷப் டேனியல் வில்சன், சபைகளில் சாதி வேற்றுமை அறவே கூடாதென்று சுற்றறிக்கை அனுப்பியபோது, தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சாதியை விடுவதைவிடச் சபையை விடுவதே மேல் என்று பிரிந்துபோனார்கள்.

பிறர் மனம் கோணாமல் நடப்பதே பாவம் என்று நான் சொல்லவில்லை. தாமும் எல்லாருக்கும் பிரியமாய் நடப்பதாகப் பவுலே எழுதியிருக்கிறார். யூதர் பொருட்டுத் தம் உடன் ஊழியர் தீமோத்தேயுவுக்கு விருத்தசேதனம் செய்வித்த அவர், கிரேக்கரான மற்றோர் உடன் ஊழியர் தீத்துவின் விஷயத்தில் இம்மியும் இணங்க மறுத்தார். முதலாவதில் இணங்கியவர்களே அதன் சுமையைத் தாங்கினார்கள். இரண்டாவதில் இணங்கியிருந்தால், புறஜாதி விசுவாசிகள் அனைவரும் குறைவுள்ளவர்கள் என்றாகியிருக்கும். உங்கள் செயலையும் இப்படியே நிறுத்துப் பாருங்கள். பெற்றோரின் சொல்லுக்காக உங்கள் விருப்பத்தையோ வசதியையோ விட்டுக்கொடுத்திருந்தால் அது அன்பு. நீங்கள் விட்டுக்கொடுத்ததோ உங்கள் நண்பனின் மானத்தை. அதை விட்டுக்கொடுக்கும் உரிமை உங்களுக்கு இல்லை. ஆகவே அதைக் கீழ்ப்படிதல் என்று என்னால் அழைக்க முடியவில்லை.

மன்னிப்பு மட்டும் போதாது. கேளுங்கள், ஆனால் பெற்றோர் சொன்னதால்தான் என்று பழியை அவர்கள்மேல் போடாமல், நான் பயந்துவிட்டேன் என்று சொல்லிக் கேளுங்கள். நண்பன் அழைத்தால், அவன் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். போவதற்கு முன்பே பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள். ஒளித்துப் போனால் அதே பயம் வேறு வடிவில் தொடரும். அவர்கள் கோபப்பட்டால் எதிர்த்து வாதாடாதீர்கள். அவர்களுக்குச் செய்துவரும் பணிவிடைகளில் ஒன்றையும் குறைக்காதீர்கள். பவுல் பேதுருவைக் கண்டித்தது எல்லாருக்கும் முன்பாக என்பதையும் கவனியுங்கள். விலகியது வெளியரங்கமாக நடந்ததால் திருத்தமும் அப்படியே நடந்தது. அடுத்த வாலிபர் கூட்டத்தில் கலாத்தியர் 2-ஐ எடுத்துக்கொண்டு, அன்று நீங்கள் செய்ததை உங்கள் வாயாலேயே அவர்களிடம் சொல்லுங்கள்.