பழைய போட்டு, கூண்டு நம்பர், தீவு, ஆமை: கேட்டதும் சொன்னதும்

இந்தத் தடவ வந்த கேள்வி முக்கால்வாசி ராமநாதபுரம், தூத்துக்குடி பக்கம்தான். ஊர், பேர் போடல.

கேள்வி: அண்ணே, செகண்ட் ஹேண்ட்ல ஒரு ஃபைபர் போட்டு வெல பேசியாச்சு. ரெஜிஸ்ட்ரேஷன் பழைய ஓனர் பேர்லயே இருக்கு, அப்படியே ஓட்டிக்கலாமா?

வேணாம் தம்பி. மொதல்ல மீன்வளத்துறை உதவி இயக்குநர் ஆபீஸ்ல பேர மாத்து, அப்புறம் எஞ்சின் மாட்டு. நாளைக்கு போட்டு திரும்பலன்னா, இல்ல நடுக்கடல்ல கோஸ்ட் கார்டு நிறுத்துனா, மொத பாக்குறது அணியத்துல, அதாவது போட்டோட முன்பக்கத்துல, எழுதியிருக்க நம்பரத்தான். ஐஎன்டி, டிஎன், அப்புறம் ஊருக்குண்டான நம்பர் (ராமேஸ்வரத்துக்கு 10), விசைப்படகுன்னா எம்எம், எஞ்சின் வச்ச நாட்டுப்படகுன்னா எம்ஓ, இப்படி வரும். அதுல பழைய ஓனர் பேர் இருந்தா தேடுறவங்க அவர் வீட்டுக் கதவத்தான் தட்டுவாங்க, உன் வீட்டுல யாருக்கும் சேதியே போகாது.

காசு குடுக்குறதுக்கு முன்னாடி ஒரு வேல பாரு. எஞ்சின் மாட்டுற பின்பலகைய ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால தட்டிக்கிட்டே வா. டக்கு டக்குனு கேட்டா நல்லது, ஒரு எடத்துல பொத்துனு அமுங்குன சத்தம் வந்துச்சுன்னா உள்ள பலக ஊறிப்போச்சு, மேல எவ்ளோ பளபளன்னு பெயிண்ட் அடிச்சிருந்தாலும் வாங்காத. அதே மாதிரி மிதக்குறதுக்காக உள்ள அடைச்ச ஃபோம் தண்ணி குடிச்சிருந்தா போட்டு கனத்துப்போயிருக்கும், கவுந்தா சரியா மிதக்காது.

கேள்வி: லைஃப் ஜாக்கெட் போட்டா வல இழுக்க முடியலன்னு அப்பா சொல்றாரு. பக்கத்துல வச்சிருந்தா போதாதா?

போதாதுமா. முகத்துவாரத்துல ரெண்டு அலை அடுத்தடுத்து வந்து ஒரு போட்டு கவுந்தத நான் கரையில நின்னு பாத்திருக்கேன், அஞ்சு ஜாக்கெட்டும் கவர் கூட பிரிக்காம சாக்குல கட்டி அணியத்துக்குள்ள கெடந்துச்சு. நாலு பேர் கவுந்த போட்டப் புடிச்சுக்கிட்டே இருந்தாங்க, அவங்கள கரைக்குக் கொண்டு வந்துட்டோம். அஞ்சாவது ஆள் நல்லா நீந்துவாரு, கரை கண்ணுக்குத் தெரியுதேன்னு நீந்துனாரு, அவர மறுநாள்தான் எடுத்தோம்.

அதனால அப்பாகிட்ட இப்படிக் கேளு: நாள் முழுக்க போட வேணாம், அலையத் தாண்டிப் போறப்பவும் கரைக்கு வர்றப்பவும், ராத்திரியிலயும் மட்டுமாவது போடுங்கன்னு. கவுந்தா போட்ட விடக்கூடாது, தேடி வர்றவங்க கண்ணுக்குத் தல தெரியாது, போட்டுதான் தெரியும். செல்போன ஜிப் கவர்ல போட்டு கழுத்துல மாட்டிக்கணும், டவர் இருந்தா 1554, அது கோஸ்ட் கார்டு நம்பர். டவர் கரைய விட்டுத் தூரம் போனா செத்துரும், அதுக்கு மேல போறவங்க விஎச்எஃப் ரேடியோ வச்சிருக்கணும், சேனல் 16. இது எல்லாத்துக்கும் முன்னாடி எந்தப் பக்கம் போறோம், எத்தன மணிக்குத் திரும்புவோம்னு வீட்டுல சொல்லிட்டுப் போகணும், இதுக்குச் செலவே இல்ல.

கேள்வி: 3ம் நம்பர் புயல் கூண்டுதானே, கரையோரமா போயிட்டு வரலாமா சார்?

1, 2ன்னா புயல் தூரத்துல இருக்குன்னு அர்த்தம், 3ன்னா காத்து உங்க துறைமுகத்துலயே பலமா அடிக்கலாம்னு அர்த்தம், அது எப்படி "தானே" ஆகும்? கூண்டு கப்பலுக்கும் சேத்து ஏத்துறது, நம்ம பாக்க வேண்டியது மீனவர்கள் கடலுக்குப் போக வேணாம்னு வர்ற எச்சரிக்கை. 2017 நவம்பர் கடைசியில ஒக்கி புயல் கன்னியாகுமரிக்குப் பக்கத்துலயே வேகமா வலுத்துச்சு, ஏற்கனவே ஆழ்கடல்ல இருந்தவங்களுக்குச் சேதி சொல்லவே வழியில்லாமப் போச்சு. கரையில நின்னு சேதி கேக்குற நீங்க போகாதீங்க.

கேள்வி: ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம், எங்க ஃபைபர் போட்டுக்கும் உண்டா?

இல்ல, அது விசைப்படகுக்கு. உங்க ஃபைபர் போட்டு நாட்டுப்படகுக் கணக்குல வரும், போகலாம்.

கேள்வி: ஃப்ரெண்ட்ஸோட மன்னார் வளைகுடா தீவு ஒண்ணுல எறங்கி சமைச்சு சாப்பிட்டு வரலாம்னு பிளான், மீன்பிடி போட்டுலயே கூட்டிட்டுப் போறேன்னு ஒருத்தர் சொல்றாரு.

போகாதீங்க. அந்த 21 தீவும் 1986ல இருந்து தேசியப் பூங்கா, அனுமதி இல்லாம கால் வைக்கக் கூடாது. பவளப்பாறைய வெட்டி வெட்டி எடுத்தது பெரிய காரணமா விலாங்குசல்லி, பூவரசன்பட்டினு ரெண்டு தீவு ஏற்கனவே முங்கிப் போச்சு, மிச்சத்துலயும் நங்கூரத்தப் பவளப்பாறை மேல போட்டா ஒடையுறது பல வருஷத்து வளர்ச்சி. மீன்பிடி போட்டு ஆள் ஏத்துறதுக்கு உள்ளதும் இல்ல. ராமநாதபுரம் மாவட்டத்துல இருக்குற காரங்காடு போங்க, அலையாத்திக் காட்டுல வனத்துறையே படகு விடுறாங்க, ஜாக்கெட்டும் குடுப்பாங்க.

கேள்வி: வலையில ஆமை மாட்டி அசையாம கெடந்தா என்ன பண்றது?

செத்துருச்சுன்னு நெனச்சு ஒடனே கடல்ல தூக்கிப் போட்றாதீங்க! ஆமை மூச்சு வாங்க மேல வரணும், வல ரொம்ப நேரம் தண்ணியில கெடந்ததால மயங்கியிருக்கும். வயிறு கீழ இருக்குற மாதிரி வச்சு, பின்பக்கத்துக்கு அடியில கயித்துச் சுருள் எதையாவது குடுத்துக் கொஞ்சம் தூக்கி வைங்க, உள்ள போன தண்ணி வடியும். நெழல்ல வச்சு ஈரச்சாக்கு போத்துங்க, மூக்க மட்டும் மூடாதீங்க. மணிக்கணக்கா ஆகலாம், பொறுங்க. அசைய ஆரம்பிச்சதும் எஞ்சின நியூட்ரல்ல வச்சுட்டு மெதுவா எறக்கி விடுங்க.