சம்பளம் நின்னுடுச்சு, ஆனா சீர் செய்யணும்: பர்சனல் லோன் எடுக்கலாமா?

கேள்வி (நீளமான லெட்டரோட சுருக்கம்): வணக்கம் சார். எனக்கு 42 வயசு. சோழிங்கநல்லூர்ல ஒரு ஐடி கம்பெனியில 11 வருஷம் டெஸ்டிங் மேனேஜரா இருந்தேன். போன மாசம் எச்ஆர் கூப்பிட்டு பேசினாங்க, அன்னைக்கே லேப்டாப்பை வாங்கிட்டாங்க. கைக்கு 1,45,000 வந்துட்டிருந்துச்சு. மனைவி தனியார் ஸ்கூல் டீச்சர், சம்பளம் 28,000. வீட்டு லோன் ஈஎம்ஐ 42,000, ரெண்டு பசங்க படிக்கிறாங்க. கோவில்பட்டி பக்கம் ஊர்ல இருக்கிற அப்பாவுக்கு மாசம் 12,000 அனுப்புவேன். வேலை போனது மனைவிக்கு மட்டும்தான் தெரியும். அப்பாவுக்கோ மாமனார் வீட்டுக்கோ சொல்லல. தினமும் காலையில பேக் எடுத்துட்டு கோட்டூர்புரம் அண்ணா நூலகத்துல போய் உட்கார்ந்துட்டு சாயங்காலம் வரேன். இப்ப அடுத்த மாசம் அக்கா பொண்ணுக்கு சடங்கு, நான்தான் தாய்மாமன், சீருக்கு ஒன்றரை லட்சமாவது ஆகும். பேங்க் ஆப்ல 5 லட்சம் பர்சனல் லோன் 14% வட்டியில ரெடின்னு காட்டுது. அதை எடுக்கலாமா, இல்ல பிஎஃப் 19 லட்சத்தை எடுத்துடலாமா? கிண்டில ஒரு கம்பெனி 15 லட்சம் சிடிசிக்கு (கம்பெனி கணக்குல வருஷ மொத்தச் சம்பளம்) கூப்பிட்டாங்க, என் பழைய சிடிசி 24 லட்சம், அவமானமா இருந்துச்சு, இன்னும் பதில் சொல்லல. தூக்கம் வரல சார். சம்பளம் இல்லாம வீட்ல நான் யாருன்னே தெரியல.

பதில்:

லோனும் வேண்டாம், பிஎஃபும் வேண்டாம். முதல்ல இதைச் சொல்லிடறேன், காரணம் பின்னாடி வருது.

நீங்க தனியா அனுப்பின செலவுக் கணக்கை ரெண்டு தடவை பார்த்தேன். ஈஎம்ஐ 42,000, பசங்க ஃபீஸ் மாசத்துக்கு சராசரி 12,000, மளிகை பால் காய்கறி எல்லாம் 25,000, பெட்ரோல் கரண்ட் போன் 9,000, அப்பாவுக்கு 12,000, எல்ஐசி டெர்ம் பாலிசி எல்லாம் சேர்த்து 5,000. மொத்தம் 1,05,000. அதுல மனைவி சம்பளம் 28,000 போனா மாசம் துண்டு விழுறது 77,000. இப்ப கையில என்ன இருக்குன்னு பாருங்க. எஃப்டி 4 லட்சம், வேலையை விட்டு அனுப்பும்போது கம்பெனி கொடுத்த சீவரன்ஸ் தொகை வரி பிடிச்சது போக 5 லட்சம், லீவ் என்கேஷ்மென்ட் 1 லட்சம். இதுல நீங்க கிராஜுவிட்டியை எழுதவே இல்லை, மறந்துட்டீங்கன்னு நினைக்கிறேன். கடைசி பேசிக் 60,000னா அதை 15ஆல பெருக்கி 26ஆல வகுத்து 11 வருஷத்தால பெருக்குங்க, 3,80,000 வருது. ஆக மொத்தம் 13,80,000. புதுசா ஹெல்த் இன்சூரன்ஸ் எடுக்க 30,000 ஒதுக்கினாலும் 17 மாசம் குடும்பம் இப்ப இருக்கிற மாதிரியே ஓடும், பிஎஃப்ல ஒரு ரூபா தொடாம. லெட்டர்ல இருக்கிற தொனியைப் பார்த்தா அடுத்த மாசமே அடுப்பு அணைஞ்சிடும்னு நினைச்சுட்டிருக்கீங்க, ஆனா கணக்கு அப்படிச் சொல்லல.

இன்னொன்னு, இந்தப் பணம் யாரோ பாவம் பார்த்துக் கொடுத்தது கிடையாது. கிராஜுவிட்டிங்கிறது 1972ல இருந்தே சட்டத்துல இருக்கிற உரிமை, நீங்க உழைச்ச ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம் உங்க பேர்ல நின்னுட்டிருந்தது, அது இப்ப கைக்கு வருது, 20 லட்சம் வரைக்கும் வரியும் கிடையாது. அதனால ஒரு வேலை பண்ணுங்க. இந்த 13 லட்சத்தையும் தனி அக்கவுன்ட்ல போட்டு, ரெண்டு மாசத் தொகையை சேவிங்ஸ்ல விட்டுட்டு மிச்சத்தை சின்ன சின்ன எஃப்டியா பிரிச்சுடுங்க, மாசம் 1ஆம் தேதி 77,000 வீட்டு அக்கவுன்ட்டுக்கு தானா போற மாதிரி ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன் கொடுத்துடுங்க. வேலை போனவங்க நிறைய பேரு ஒவ்வொரு தடவை ஏடிஎம் போகும்போதும் பேலன்ஸ் குறையறதைப் பார்த்துப் பார்த்தே நொந்து போறாங்க, மாசத்துக்கு ஒரு தடவை மட்டும் பணம் வந்தா வீட்ல எல்லாருக்கும் ஒரு நிதானம் இருக்கும், உங்களுக்கும்தான்.

சீவரன்ஸ் பணத்தைக் கொண்டு போய் வீட்டு லோன்ல கட்டிடலாம்னு யாராவது சொன்னா கேட்காதீங்க. கடன் குறையும், ஆனா அடுத்த மாச ஈஎம்ஐ அப்படியே நிக்கும், கையில காசு இருக்காது.

இப்ப பர்சனல் லோன். 5 லட்சம், 14%, 3 வருஷம்னா ஈஎம்ஐ 17,000 கிட்ட வரும். 77,000 துண்டு விழுற வீட்ல அது 94,000 ஆகும். அதைவிட முக்கியமா, அந்த ஆஃபரை பேங்க் கணக்குப் போட்டது நீங்க சம்பளம் வாங்கினப்ப. இப்ப போய் சம்பளக்காரர்னு டிக் பண்ணி எடுத்தா அது பொய் டிக்ளரேஷன், நாளைக்கு ஒரு தவணை தவறினா அங்கதான் வந்து நிக்கும்.

பிஎஃபுக்கு 2024-25ல 8.25% வட்டி கொடுத்தாங்க, வேலை இல்லாட்டியும் அந்தப் பணத்துக்கு வட்டி ஏறிட்டுதான் இருக்கும். 2025 அக்டோபர்ல பிஎஃப் வாரியம் எடுத்த முடிவுப்படி வேலை போனா 75% உடனே எடுக்கலாம், முழுசா எடுக்க 12 மாசம் ஆகணும். எடுக்க முடியும்ங்கிறதுக்காக எடுக்கணும்னு இல்ல, 17 மாசத்துக்குக் காசு வச்சிருக்கிறவர் எதுக்கு அதுல கை வைக்கணும்?

சீர் விஷயத்துக்கு வரேன், இதைத்தான் ரொம்ப நேரம் யோசிச்சேன். ஒன்றரை லட்சம்னா உங்க குடும்பத்தோட ரெண்டு மாசம். கூடம் நிறைய தாம்பாளம், பட்டுப்புடவை, பொண்ணு கழுத்துக்குச் செயின், மேளம், ஊர்க்காரங்க தட்டை எண்ணுவாங்க, எனக்குத் தெரியும். ஆனா வேலை போன வருஷத்துல ஊரு எண்ணறதுக்காக வட்டிக்கு வாங்கின பணத்துல தட்டு அடுக்கினா, மூணு வருஷம் முழுக்க அந்தத் தட்டுக்கு நீங்க ஈஎம்ஐ கட்டிட்டிருப்பீங்க. அக்காவுக்கு இப்பவே போன் போடுங்க, சடங்கு வீட்டுக்குப் போய் சொல்லாதீங்க. "அக்கா, போன மாசம் வேலை போயிடுச்சு, இந்த தடவை புடவை, மாலை, பழத்தட்டுன்னு 40,000க்குள்ள முறையா செஞ்சிடறேன், செயின் அவ கல்யாணத்துக்கு நான் போடறேன்"னு நேரா சொல்லுங்க. அக்கா அழலாம். ஆனா லோன் எடுத்து செஞ்சதை ஆறு மாசம் கழிச்சு வேற யார் வாயிலயாவது கேட்டா அதைவிட அழுவாங்க.

அப்பாவுக்கு அனுப்புற 12,000ஐ மட்டும் நிறுத்தாதீங்க. வழக்கமா என்னை மாதிரி ஆளுங்க முதல்ல வெட்டச் சொல்றது இதைத்தான், நான் சொல்ல மாட்டேன். 17 மாசக் கணக்குல அது ஏற்கனவே இருக்கு, அது உங்களை நிமிர்ந்து நிக்க வைக்கிற பணம். வேணும்னா வெளியில சாப்பிடறதையும் பெட்ரோலையும் குறைங்க. ஆனா அப்பாகிட்ட விஷயத்தைச் சொல்லிட்டு அனுப்புங்க. மானாவாரி வெள்ளாமை பார்த்தவர்னு எழுதியிருக்கீங்க, மழை பொய்ச்ச வருஷம் எத்தனை பார்த்திருப்பாரு, வருமானம் இல்லாத வருஷம் எப்படி இருக்கும்னு அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்ல.

நூலகத்துக்குப் போறதை விடாதீங்க, அது நல்ல பழக்கம், அதைச் சுத்தி இருக்கிற பொய்தான் உங்களைத் தூங்க விடாம பண்ணுது. 1930 வாக்குல ஆஸ்திரியாவுல மரியன்தால்னு ஒரு கிராமத்துல மில்லு மூடி கிட்டத்தட்ட ஊரே வேலை இழந்துச்சு. அங்க போய் ஆராய்ச்சி பண்ணினவங்கள்ல மாரீ யஹோடான்னு ஒரு அம்மா முக்கியமானவங்க. கையில வாட்ச் வச்சுக்கிட்டு தெருவுல ஜனங்க எவ்வளவு வேகமா நடக்கிறாங்கன்னு அளந்தாங்க, ஆம்பளைங்க நடை மெதுவாகி அடிக்கடி நின்னு நின்னு போனாங்களாம். நேரம் நிறைய இருந்தும் நூலகத்துல புத்தகம் எடுக்கிறது குறைஞ்சு போச்சு. யஹோடா பின்னாடி எழுதினது என்னன்னா, வேலை சம்பளத்தை மட்டும் கொடுக்கல, நாளுக்கு ஒரு ஒழுங்கு, நாலு பேரோட பழக்கம், சேர்ந்து ஒரு காரியம் பண்றோம்ங்கிற எண்ணம், ஒரு அடையாளம், இதெல்லாமும் கொடுக்குது. சம்பளத்துக்கு உங்ககிட்ட 17 மாச மாற்று இருக்கு, மத்ததுக்கு இப்ப எதுவும் இல்ல, அதான் வலிக்குது. காலையில நூலகத்துல மூணு மணி நேரம் ஆட்டோமேஷன் டூல் ஏதாவது படிங்க, வாரத்துல ரெண்டு நாள் பழைய டீம்ல இருந்தவங்களை நேர்ல பாருங்க, பசங்களை ஸ்கூல்ல விடற வேலையை நீங்க எடுத்துக்கோங்க.

சம்பளம் இல்லாம நான் யாருன்னு கேட்டிருக்கீங்க. உங்க அம்மா ஒரு நாளும் சம்பளம் வாங்கினதில்லைன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, அவங்களை அந்த வீட்ல யாருன்னு யாராவது கேட்டிருப்பாங்களா? மனைவியோட 28,000 இத்தனை வருஷம் கணக்குல சின்னதா தெரிஞ்சிருக்கும், இன்னைக்கு அதுதான் 13 மாசத்தை 17 மாசமா நீட்டுது. 2025 ஜூலைல டிசிஎஸ் மட்டும் 12,000 பேர் வரைக்கும் குறைக்கிறோம்னு அறிவிச்சப்ப பெரும்பாலும் மிடில், சீனியர் லெவல்னு சொன்னாங்க, அத்தனை பேருக்குமா ஒரே ராத்திரியில வேலை மறந்துடுச்சு? சம்பளம் சந்தை கொடுக்கிற விலை, அது ஏறும் இறங்கும், இத்தனை வருஷ அனுபவம் உங்ககிட்டதான் இருக்கு.

அதனால அந்த கிண்டி ஆஃபரையும் அவமானமா பார்க்காம கணக்கா பாருங்க. கைக்கு ஒரு லட்சம் வரும். வேண்டாம்னு சொல்லிட்டு பழைய சம்பளத்துக்காக ஆறு மாசம் காத்திருந்தா 6 லட்சம் போச்சு. அப்புறம் அந்தப் பழைய சம்பளமே கிடைச்சாலும் மாசம் 45,000தான் கூட வரும், போன 6 லட்சத்தைத் திரும்ப எடுக்கவே 13 மாசம் ஆகும். வேலை பிடிச்சிருந்தா, கத்துக்க எதாவது இருந்தா சேருங்க, உள்ள இருந்துக்கிட்டே வேற தேடலாம். வேலையே பிடிக்கலன்னா தைரியமா மறுங்க, 17 மாசம் இருக்குங்கிறது அந்த தைரியத்துக்குத்தான். சிடிசி நம்பர் மட்டும் காரணமா இருந்தா மறுக்காதீங்க.

தூக்கம் வரலன்னு எழுதினதை நான் சாதாரணமா எடுத்துக்கல. டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி எண் இருக்கு, 14416, இலவசம், தமிழ்லயே பேசுவாங்க. வாழ்ந்து என்ன பிரயோஜனம்னு ஒரு நிமிஷம் தோணினாலும் அந்த நிமிஷமே கூப்பிடுங்க, மனைவியைப் பக்கத்துல வச்சுக்கிட்டே பேசுங்க.

இந்த வாரத்து வேலை ரெண்டு. கம்பெனி குரூப் இன்சூரன்ஸ் எந்த தேதியோட முடியுதுன்னு எச்ஆர்கிட்ட எழுத்துல கேட்டு, அதே இன்சூரன்ஸ் கம்பெனியில தனி பாலிசியா மாத்த முடியுமான்னு உடனே விசாரிங்க, மாத்தினா பழைய நோய்க்கான காத்திருப்புக் காலத்துல ஏற்கனவே முடிச்ச வருஷங்கள் வீணாகாது, பையனுக்கு வீசிங் இருக்குன்னு வேற எழுதியிருக்கீங்க. அடுத்து கிராஜுவிட்டிக்கு எழுத்துல விண்ணப்பம் கொடுத்து ரசீது வாங்கிக்கோங்க, 30 நாளுக்குள்ள அவங்க கொடுத்தாகணும், தாண்டினா வட்டியோட கேளுங்க.