கேள்வி – பதில்: 10 வெற்றிக்கா விருது?

கேள்வி: அமெரிக்க பேஸ்பாலில், 2018-ல் நியூயார்க் மெட்ஸ் அணியின் பிட்ச்சர் (பந்து வீசுபவர்) ஜேக்கப் டிக்ராம் ஜெயித்தது 10, தோற்றது 9. சிறந்த பிட்ச்சருக்கான சை யங் விருதை அவருக்கு எப்படிக் கொடுத்தார்கள்?
– வாசகர், மதுரை

பதில்: அந்தப் பத்தும் ஒன்பதும் பாதிக்கு மேல் மெட்ஸ் பேட்டிங்கின் கணக்கு. ஆட்டத்தைத் தொடங்கும் ஸ்டார்ட்டிங் பிட்ச்சர் பெயரில் வெற்றி ஏற, 9 இன்னிங்ஸ் ஆட்டத்தில் அவர் 5 இன்னிங்ஸாவது வீசியிருக்க வேண்டும். அவர் வெளியேறும்போது அணி முன்னிலையில் இருக்க வேண்டும், அந்த முன்னிலையைப் பின்னால் வருபவர்கள் கோட்டைவிடவும் கூடாது. 8 இன்னிங்ஸில் ஒரே ரன் கொடுத்தாலும், சொந்த அணி முட்டை வாங்கினால் தோல்வி அவர் தலையில்தான்.

ஈஆர்ஏவை, அதாவது 9 இன்னிங்ஸுக்குச் சராசரியாக அவர் கொடுத்த ரன்னைப் பாருங்கள். அவர் பொறுப்பான ரன்கள், அதாவது ‘எர்ன்டு ரன்’, 41. வீசியது 217 இன்னிங்ஸ். 41-ஐ 9-ஆல் பெருக்கி 217-ஆல் வகுத்தால் 1.70. ஒரு முழு ஆட்டத்துக்கு இரண்டு ரன்கூட இல்லை! 2010-ல் சியாட்டிலின் ஃபெலிக்ஸ் ஹெர்னாண்டஸ் 13–12 என்ற கணக்கோடு இதே விருதை வாங்கியபோதே வெற்றிக் கணக்கின் மவுசு இறங்கிவிட்டது.

கேள்வி: ஈஆர்ஏவை நானே போட்டுப் பார்த்தால் விடை உதைக்கிறது. எங்கே தப்பு?
– வாசகி, திருச்சி

பதில்: பெரும்பாலும் அந்தப் புள்ளியில். 6.2 இன்னிங்ஸ் என்றால் 6 முழு இன்னிங்ஸும் 2 அவுட்டும். நம் ஊர் ஓவர் கணக்கு மாதிரிதான். ஒரு இன்னிங்ஸுக்கு 3 அவுட் என்பதால் 6.67-ஆல் வகுக்க வேண்டும். 2 ரன்னுக்குச் சரியான விடை 2.70, அப்படியே 6.2-ஆல் வகுத்தால் 2.90 வரும்.

அடுத்தது, ஃபீல்டர் பிழை. பிழையே நடக்காதிருந்தால் மூன்றாவது அவுட் எப்போது விழுந்திருக்கும் என்று ஸ்கோரர் பார்ப்பார். அதற்குப் பிறகு வந்த ரன்கள் ஸ்டார்ட்டருக்கு ஏறாது. ஆனால் அவர் இருவரை பேஸில் விட்டுவிட்டுப் போய், அடுத்து வந்த ரிலீஃப் பிட்ச்சர் ஹோம் ரன் (அடித்தவரும் பேஸில் நிற்பவர்களும் சுற்றி வந்து ரன் எடுக்கும் அடி) கொடுத்தால், அந்த இருவரின் ரன்னும் போனவர் கணக்கில். ஈஆர்ஏவின் பெரிய ஓட்டை இதுதான்.

கேள்வி: ஃபீல்டர்களை ஒதுக்கிவிட்டு பிட்ச்சரை மட்டும் எடைபோட முடியுமா?
– வாசகர், கோவை

பதில்: அதற்குத்தான் எஃப்ஐபி, அதாவது ஃபீல்டிங்கைச் சாராத பிட்ச்சிங் கணக்கு. மைதானத்துக்குள் அடிக்கப்பட்ட பந்து ஹிட் ஆவதும் (அடித்தவர் பேஸை எட்டுவது) அவுட் ஆவதும் ஃபீல்டர்களையும் அதிர்ஷ்டத்தையும் பெரிதும் பொறுத்தது என்று பேஸ்பால் ஆய்வாளர் வோரோஸ் மெக்ராக்கன் காட்டியதில் பிறந்த யோசனை. ஹோம் ரன்னை 13-ஆல் பெருக்குங்கள். வாக்கையும் (நான்கு தவறான பந்தால் இலவசமாகப் பேஸுக்குப் போவது) உடம்பில் பந்து பட்டுப் போனவர்களையும் கூட்டி 3-ஆல் பெருக்கிச் சேருங்கள். ஸ்டிரைக்-அவுட்டின் (மூன்று ஸ்டிரைக்கில் பேட்டர் அவுட் ஆவது) இரு மடங்கைக் கழியுங்கள். இன்னிங்ஸால் வகுத்து, அந்த ஆண்டின் மாறிலியைக் கூட்டுங்கள். லீக் சராசரி ஈஆர்ஏவோடு பொருந்துவதற்காகத்தான் அது.

டிக்ராம் 2018: ஹோம் ரன் 10, வாக் 46, பந்து பட்டவர்கள் 5, ஸ்டிரைக்-அவுட் 269. 130 + 153 – 538 = –255. 217-ஆல் வகுத்தால் –1.18. மாறிலி 3.16 சேர்த்தால் 1.98. ஈஆர்ஏவை ஒட்டியே வருகிறது, ஆக அது குருட்டு அதிர்ஷ்டம் இல்லை. ஈஆர்ஏ 2.50, எஃப்ஐபி 4.00 என்று ஒருவர் நின்றால், அடுத்த ஆண்டு அவரை நம்பிப் பந்தயம் கட்டாதீர்கள். நாலைந்து ஆட்டத்துக்கு மட்டும் இதைப் போடவும் வேண்டாம். ஒரே ஹோம் ரன் கணக்கைக் குலைத்துவிடும்.

கேள்வி: ஒரே ஆட்டத்தை அளக்க ‘குவாலிட்டி ஸ்டார்ட்’ போதுமா?
– வாசகர், நெல்லை

பதில்: போதாது. குறைந்தது 6 இன்னிங்ஸ் வீசி, 3 எர்ன்டு ரன்னுக்கு மேல் கொடுக்காததுதான் குவாலிட்டி ஸ்டார்ட். 6 இன்னிங்ஸ், 3 ரன் என்றால் ஈஆர்ஏ 4.50, அதற்கு அந்தப் பெயர் கிடைக்கும். 9 இன்னிங்ஸில் 4 ரன் கொடுத்தவருக்குக் கிடைக்காது. பேஸ்பால் புள்ளியியலாளர் பில் ஜேம்ஸின் ‘கேம் ஸ்கோர்’ மேல். 50-ல் தொடங்கும். ஒவ்வோர் அவுட்டுக்கும் 1, நான்காவதுக்குப் பின் முடித்த ஒவ்வோர் இன்னிங்ஸுக்கும் 2, ஸ்டிரைக்-அவுட்டுக்கு 1 கூட்டல். ஹிட்டுக்கு 2, எர்ன்டு ரன்னுக்கு 4, மற்ற ரன்னுக்கு 2, வாக்குக்கு 1 கழித்தல்.

1998 மே 6, சிகாகோ கப்ஸின் கெர்ரி வுட், வயது 20: 9 இன்னிங்ஸ், 20 ஸ்டிரைக்-அவுட், ஒரு ஹிட், வாக் இல்லை, ரன் இல்லை. 50 + 27 + 10 + 20 – 2 = 105. அந்த ஒற்றை ஹிட்டும் மூன்றாம் பேஸ்காரரின் கையுறையில் உரசிப் போன பந்து. ஸ்கோரர் அதைப் பிழை என்று எழுதியிருந்தால் 107.