இடுப்பு மூட்டு மாற்று: ஸ்கேன், எலும்பின் கணினி மாதிரி பற்றிக் கேளுங்கள்

கே: அம்மாவுக்கு எக்ஸ்ரே எடுத்தாயிற்று. சி.டி.யும் எதற்கு டாக்டர்?

ப: எக்ஸ்ரேயில் எலும்பு நிஜ அளவைவிடப் பெரிதாகத் தெரியும், வழக்கமாக 15 முதல் 20 சதவீதம். அதனால் 25 மி.மீ. உலோக உருண்டை ஒன்றை எலும்பின் மட்டத்தில் வைத்துப் படமெடுத்து, அதை வைத்து அளவைச் சரிசெய்கிறோம். சாதாரணத் தேய்மானத்துக்குப் பெரும்பாலும் இதுவே போதும். பிறவியிலேயே இடுப்புக் கிண்ணம் (தொடை எலும்பின் பந்து பொருந்தும் குழி) ஆழமில்லாதவர்களுக்கும், பழைய முறிவு கோணலாகச் சேர்ந்தவர்களுக்கும் சி.டி. வேண்டும். ஃபிலிமை செல்போனில் படமெடுத்து அனுப்பாதீர்கள், அளவே போய்விடும். சி.டி. எடுத்த இடத்தில் தரும் டிஸ்க்கைக் கொண்டுவாருங்கள்.

கே: ரோபோவே ஆபரேஷன் செய்துவிடுமா?

ப: இல்லை. 1992இல் அமெரிக்காவின் சாக்ரமென்டோவில் ரோபோடாக் என்ற ரோபோ தொடை எலும்பைக் கடைந்தபோதும் திட்டம் போட்டது மருத்துவர்தான்.

கே: சி.டி.யை வைத்துக் கணினியில் உருவாக்கிய எலும்பு மாதிரியும் மேசையில் இருக்கும் எலும்பும் எப்படி ஒன்றுசேரும்?

ப: இடுப்பெலும்பில் ஊசி ஊன்றி, கேமராவுக்குத் தெரியும் குறிகளைப் பொருத்துவோம். பிறகு கூர்முனைக் கோலால் கிண்ணத்தின் விளிம்பிலும் உட்புறத்திலும் பல இடங்களைத் தொடுவோம். அந்தப் புள்ளிகள் மாதிரியின் பரப்பில் படியும்படி கணினி பொருத்திக்கொள்ளும். குருத்தெலும்பு சி.டி.யில் சரியாகத் தெரியாது. கோல் அதன்மேல் நின்றுவிட்டால் கணக்கு பிசகும். ஊசி அசைந்தாலும் அப்படித்தான். திரையோ தயங்காமல் எண் காட்டும். அதனால் தெரிந்த ஓரிடத்தை நடுநடுவே தொட்டுச் சரிபார்த்தே ஆகவேண்டும்.

கே: செயற்கைக் கிண்ணத்துக்கு 40 டிகிரி சாய்வு, 15 டிகிரி முன்திருப்பம் என்றுதான் படித்தோம். பிறகு ஏன் இத்தனை கருவி? (எலும்பியல் மாணவர்)

ப: லூவினெக் என்ற மருத்துவரின் குழு 1978இல் சொன்னது அது, பத்து டிகிரி கூடக்குறைய. அவர்கள் பார்த்த 300 மூட்டுகளில் நழுவியவை ஒன்பதுதான். எல்லைக்குள் இருந்தே நழுவிய மூட்டுகளைப் பிறகு ஏராளமாகப் பார்த்துவிட்டோம். உட்காரும்போது இடுப்பெலும்பு பின்னால் சாய்ந்து, தொடைக்கு இடம் விடும். முதுகை ஸ்க்ரூ போட்டு இணைத்தவருக்கு அது சாயாது. தொடை முன்னால் இடித்து, பந்து பின்பக்கம் நழுவும்.

கே: அப்படியானால் படுக்கவைத்து எடுக்கும் சி.டி. வீண்தானே?

ப: வீணில்லை. எலும்பின் வடிவம் சி.டி.யில் கிடைக்கும், அசைவு நின்றும் உட்கார்ந்தும் எடுக்கும் பக்கவாட்டு எக்ஸ்ரேயில் கிடைக்கும். இரண்டையும் சேர்த்துத்தான் கோணம் முடிவு செய்யவேண்டும்.

கே: ஸ்கேன் இல்லாமல் கைப்பழக்கத்தில் வைத்தவையும் நன்றாகத்தானே ஓடுகின்றன! (மூத்த மருத்துவர்)

ப: ஓடுகின்றன சார், மறுக்கவில்லை. ஆனால் ஒருக்களித்துப் படுத்த நோயாளியின் இடுப்பு துணிக்கடியில் உருண்டால், எத்தனை அனுபவமிருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. அங்கேதான் மாதிரி கைகொடுக்கிறது.

கே: ரோபோ இருந்தால் டாக்டர் தேவையில்லையா?

ப: மேலே சொல்லிவிட்டேன்.

கே: இன்சூரன்ஸில் வருமா?

ப: பாலிசிக்காரரைக் கேளுங்கள்.

கே: எக்ஸ்ரேயை வாட்ஸ்அப்பில் அனுப்பட்டுமா?

ப: வேண்டாம். டிஸ்க்.

கே: வயது 29. தொடையிடுக்கில் வலி, எக்ஸ்ரே நார்மல். ஸ்டீராய்டு சாப்பிட்டிருக்கிறேன்.

ப: தள்ளிப்போடாதீர்கள் தம்பி. ரத்த ஓட்டம் குன்றிப் பந்து சிதைவது ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாது, எம்.ஆர்.ஐ.யில் தெரியும். இந்த வாரமே எலும்பு மருத்துவரைப் பாருங்கள். பந்து அமுங்குமுன் தெரிந்தால் மூட்டைக் காப்பாற்றப் பார்க்கலாம்.