பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு மொபைல் அலாரம் வைத்தால் நிம்மதியாக இருக்கலாமா?

இருக்கலாம். ஆனால் அந்த நிம்மதி மொபைலிலிருந்து வராது, அலாரம் அடித்ததும் வீட்டு வாசலில் போய் நிற்க யார் இருக்கிறார் என்பதைப் பொறுத்துத்தான் வரும். நீங்கள் எழுதியிருப்பது ஒரே வரி: வெளியூரில் வேலை, வீடு பூட்டிக் கிடக்கிறது, ஆப் மூலம் இயக்கும் அலாரமும் கேமராவும் வைத்தால் போதுமா என்று. ஒரு சாவி சொந்தக்காரர் யாரிடமாவது இருக்கும், அக்கம்பக்கத்தில் பேசிப் பழகிய ஒரு வீடாவது இருக்கும் என்று நானாகவே வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்படி ஒரு வீடு இல்லையென்றால் முதலில் அதைத் தேடுங்கள். கருவியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

நான் இந்தத் தொழிலில் இருப்பவன் இல்லை, எதையும் விற்பவனும் இல்லை. சில வருடங்களாகப் பூட்டிய வீட்டைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொள்கிறவன், அவ்வளவுதான். ‘இதெல்லாம் எதற்கு, ஒரு நாய் வளர்த்தால் போதுமே’ என்று கீழே எழுதப்போகிற அன்பருக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்: பூட்டிய வீட்டில் அந்த நாய்க்கு யார் தண்ணீர் வைப்பது?

என் வீட்டில் இருப்பதைச் சொல்கிறேன். முன் கதவுக்கும் பின் கதவுக்கும் காந்த சென்சார். கதவில் காந்தம், நிலையில் ஒரு சின்ன சுவிட்ச். கதவு திறந்து இரண்டும் விலகினால் பேனலுக்கு, அதாவது எல்லா சென்சாரையும் கவனித்து அலாரத்தை இயக்கும் பெட்டிக்கு, செய்தி போகும். ஹாலில் ஒரு பி.ஐ.ஆர் சென்சார். அது கேமரா மாதிரி படம் பார்ப்பதில்லை, உடம்புச் சூடு இடம் மாறுவதைத்தான் உணர்கிறது. நேராக அதை நோக்கி நடந்து வருகிறவனைவிடக் குறுக்கே போகிறவனைச் சீக்கிரம் பிடிக்கும். அதனால் வாசலைப் பார்த்து மாட்டாமல், உள்ளே வருகிறவர் அதைக் குறுக்கே கடக்கும்படி மூலையில் மாட்டச் சொன்னேன். வெயில் விழும் ஜன்னலுக்கு எதிரே மாட்டினால் சும்மா சும்மா அலறும். அறையின் சூடு உடம்புச் சூட்டை நெருங்கினால் அதன் கூர்மையும் குறையும். கோடையில் அதை மட்டும் நம்பியிருக்கக் கூடாது என்பதற்குத்தான் கதவு சென்சார்.

பேனலை உள்ளறையில் வைத்திருக்கிறேன், கதவருகே கீபேட் மட்டும். பேனலுக்கு வைஃபையும் உண்டு, தனியாக ஒரு சிம்மும் உண்டு, கரண்ட் போனால் ஓட 12 வோல்ட் பேட்டரியும் உண்டு. அலாரம் அடித்தால் அது வரிசையாக நம்பர்களைக் கூப்பிடும். எடுத்தவர் ஒரு பொத்தானை அழுத்தினால் நிற்கும், இல்லையென்றால் அடுத்த நம்பருக்குப் போகும்.

அந்த வரிசையில் முதல் நம்பர் பக்கத்து வீட்டு அக்காவுடையது. என்னுடையது இரண்டாவது. பொருத்த வந்த பையன் சிரித்தான். “சார், ஓனர் நம்பரைத்தான் முதல்ல போடணும்” என்றான். ஓனர் வந்து சேரப் பாதி நாள் ஆகுமே தம்பி, அதுவரை திருடன் காத்திருப்பானா என்று கேட்டேன். பதில் சொல்லாமல் போட்டுவிட்டுப் போனான். என் நண்பர்களும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். சிரிக்கட்டும்.

ஒரு ராத்திரி மச்சான் (மனைவியின் அண்ணன்) எங்கள் வீட்டு ஏணியை எடுக்கப் போயிருக்கிறார். சாவி அவரிடம் உண்டு. அவருக்கென்று தனி ரகசிய எண்ணும் உண்டு. ஆளுக்கொரு எண் வைத்தால் யார் எப்போது உள்ளே போனார் என்று பதிவில் தெரியும். தேவைப்பட்டால் ஒருவருடையதை மட்டும் மாற்றவும் முடியும். அவருடைய எண்ணை மெசேஜில் அனுப்பி, போனிலும் சொல்லியிருந்தேன். “தங்கச்சி வீட்டுக்குள்ள போக எனக்கு எதுக்கு மாப்பிள்ளை நம்பரு” என்று சிரித்துவிட்டு அதோடு மறந்துவிட்டார். கதவைத் திறந்ததும் கீபேட் பீப் பீப் என்று கத்தியிருக்கிறது. எண்ணை அழுத்த 30 விநாடி அவகாசம் வைத்திருந்தேன். அந்த 30 விநாடியும் அவர் ஏணியைத் தேடியிருக்கிறார்.

உள்ளே ஒரு சைரன், வெளியே ஒரு சைரன், இரண்டும் 100 டெசிபெலைத் தாண்டும். மனிதர் பதறிப்போய், அதை நிறுத்துவதாக நினைத்து மெயின் சுவிட்சை இறக்கிவிட்டார். விவரமான திருடனும் அதைத்தான் செய்வான். ரவுட்டர் அணைந்தது, கேமரா இரண்டும் அணைந்தன, விளக்கெல்லாம் அணைந்தன. பேட்டரியில் ஓடும் சைரன் மட்டும் நிற்கவில்லை.

என் பக்கம் நடந்தது இது. ஆப்பில் ஹால் கேமரா எடுத்த கடைசிப் படம் வந்தது: ஒரு தோள், அரைத் தலை. நேரலையைத் திறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது, அப்புறம் ‘ஆஃப்லைன்’. பலரும் வாங்குகிற மாதிரி வைஃபை கேமரா மட்டும் வைத்திருந்தால், அன்றைக்கு எனக்குத் தெரிந்திருக்கக்கூடிய மொத்த விவரமும் அந்த அரைத் தலைதான். அதை வைத்துக்கொண்டு போலீசைக் கூப்பிட்டு என்ன சொல்வது?

அதற்குள் பேனல் தன் சிம்மிலிருந்து அக்காவைக் கூப்பிட்டுவிட்டது. அவரும் வீட்டுக்காரரும் மாடிப் பையன்களைக் கூட்டிக்கொண்டு கேட் வாசலுக்கு வந்துவிட்டார்கள். உள்ளே யாரும் போகக் கூடாது, வெளியே நின்று விளக்கைப் போட்டுச் சத்தம் கொடுத்தால் போதும் என்று முன்பே பேசி வைத்திருந்தோம். இதை நீங்களும் கண்டிப்பாகப் பேசி வையுங்கள். உங்கள் டிவிக்காக அடுத்த வீட்டுக்காரர் அடிபடக் கூடாது. அக்கா என்னைக் கூப்பிட்டு, “தம்பி, உள்ள ஆள் இருக்கு, நாங்க கேட்டுக்கு வெளியதான் நிக்கிறோம்” என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்னால் மச்சானின் குரல் கேட்டது. “நான்தாங்க, நான்தாங்க, இவங்க வீட்டு ஆளுதான்!” அவர்தான் என்று அக்கா பார்த்துச் சொன்ன பிறகுதான் பேனலுக்கு எஸ்.எம்.எஸ் அனுப்பி அலாரத்தை அணைத்தேன். இன்டர்நெட் இல்லாத வீட்டில் அந்த எஸ்.எம்.எஸ் கட்டளைதான் வேலை செய்தது. கடைக்காரர்கள் இதைப் பழைய வசதி என்பார்கள். பழைய வசதிதான், இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

செலவில்லாமல் எனக்கு ஒரு முழுப் பரிசோதனை நடந்தது என்று நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். மச்சான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. “ஊரைக் கூட்டி என்னைத் திருடனாக்கிட்டீங்களே மாப்பிள்ளை” என்றவர், இன்றுவரை குடும்பத்தில் யார் வீட்டு விசேஷம் என்றாலும் இந்தக் கதையைச் சொல்கிறார். ஒவ்வொரு முறையும் கேட் வாசலில் கூட்டம் கூடிக்கொண்டே போகிறது. நான் எல்லாரையும் வேவு பார்க்கிறேனாம். கேமரா இரண்டும் அலாரம் ஆன் ஆகும்போது மட்டுமே பதிவு செய்கின்றன, யாராவது தங்க வந்தால் ஹால் கேமராவைச் சுவரைப் பார்த்துத் திருப்பிவிடச் சொல்லியிருக்கிறேன். இதைச் சொன்னால் யார் கேட்கிறார்கள்? படுக்கையறையில் வைக்கவே வைக்காதீர்கள், அது தனி.

இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். சென்சார் மாட்ட நான் வாங்கிய டிரில் மெஷினை “ரெண்டே நாள்ல தர்றேன்” என்று எடுத்துப் போனவரும் இதே மச்சான்தான். அது போன வழி தெரியவில்லை. கேட்டால் சைரன் கதை வந்துவிடுகிறது. சொந்தத்தில் பொருள் இரவல் கொடுப்பதற்கு எந்தக் கம்பெனியும் அலாரம் கண்டுபிடிக்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நேரில் ஒரு கண் வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவில் போலீசுக்குப் போகும் திருட்டு அலாரங்களில் 90%க்கும் மேல் பொய் அலாரம். ஓயாமல் ஓடி அலுத்துப்போன சால்ட் லேக் சிட்டி போலீஸ், திருட்டு நடக்கிறது என்று யாராவது உறுதிப்படுத்தினால்தான் வருவோம் என்று 2000ஆம் ஆண்டிலேயே விதியை மாற்றிவிட்டது. வீட்டுக் கேமராப் பாதுகாப்பின் முன்னோடி என்று சொல்லப்படும் மேரி வான் பிரிட்டன் பிரவுன் நியூயார்க்கில் நர்ஸாக இருந்தவர். கூப்பிட்டால் போலீஸ் சீக்கிரம் வராத பகுதியில் இருந்ததால்தான் 1966இல் கணவரோடு சேர்ந்து அந்த அமைப்புக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். 1969இல் காப்புரிமை கிடைத்தது. கதவுக் கேமரா, உள்ளே திரை, தூரத்திலிருந்து பூட்டைத் திறக்கும் வசதி, ஆபத்தென்றால் வெளியே தகவல் தர ஒரு பொத்தான் எல்லாம் அதிலேயே இருந்தன. யார் வருவார் என்ற பிரச்சினை அன்றைக்கும் இதேதான்.

இப்போது உங்கள் போன். ஆப் அனுப்பும் அறிவிப்பை மட்டும் நம்பாதீர்கள். பேட்டரியைச் சேமிக்கிறேன் என்று பல போன்கள் பின்னணியில் ஓடும் ஆப்பைத் தூங்க வைத்துவிடும், அறிவிப்பு தாமதமாக வரும் அல்லது வரவே வராது. அந்த ஆப்புக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள். ‘தொந்தரவு செய்யாதே’ போட்டுத் தூங்குபவராக இருந்தால், பேனலின் நம்பரை விதிவிலக்குப் பட்டியலில் சேருங்கள். தூக்கத்திலிருந்து எழுப்புவது அழைப்புதான், அறிவிப்பு இல்லை.

பேனல் எந்தத் தலைமுறை மொபைல் நெட்வொர்க்கில் வேலை செய்யும் என்பதைப் பாருங்கள். மலிவாகக் கிடைக்கும் பல பேனல்கள் 2ஜி மட்டுமே. சிங்கப்பூரில் 2017 ஏப்ரலில் 2ஜியை மூடிவிட்டார்கள். அமெரிக்காவில் ஏ.டி அண்ட் டி என்ற தொலைபேசி நிறுவனம் 2017 தொடக்கத்தில் 2ஜியையும் 2022 பிப்ரவரியில் 3ஜியையும் நிறுத்தியது. அவற்றை நம்பியிருந்த அலாரம் பெட்டிகளை மாற்ற வேண்டியதாயிற்று. 4ஜி பேனலாகவே வாங்குங்கள். பேசவே பேசாத சிம் என்பதால் ரீசார்ஜை மறந்துவிடுவது சுலபம், அதையும் காலண்டரில் போட்டுக்கொள்ளுங்கள். பேனலில் இருக்கும் ஈய-அமில பேட்டரி 3 முதல் 5 வருடம்வரை தாங்கும், அப்புறம் மாற்ற வேண்டும்.

கேமராவோடு வரும் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுங்கள். 2016இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொற்களில் அறுபது சொச்சத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு உலகம் முழுக்க லட்சக்கணக்கான கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் பிடித்தது. அந்த ஆண்டு அக்டோபரில் அவற்றைக் கொண்டே, இணையதளப் பெயர்களை முகவரிகளாக மாற்றித் தரும் டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கி, ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களைப் பலருக்கு எட்டாமல் செய்தார்கள். சுலபமாக ஊகிக்கக்கூடிய பொதுக் கடவுச்சொல்லோடு இப்படிப்பட்ட கருவிகளை விற்கக் கூடாது என்று பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதல் சட்டமே இருக்கிறது. இரண்டடுக்கு உறுதிப்படுத்தல் (கடவுச்சொல்லோடு போனுக்கு வரும் எண் போன்ற இன்னொன்றையும் கேட்பது) இருந்தால் போட்டுவிடுங்கள். பழைய வாடகைக்காரர், பொருத்த வந்தவர் என்று ஆப்பில் யார் யாருக்கு அனுமதி இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.

கம்பெனி சர்வர் இல்லாமல் உங்கள் கருவி என்ன செய்யும் என்றும் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலான கேமராக்கள் உங்கள் போனோடு நேரடியாகப் பேசுவதில்லை, நடுவே கம்பெனியின் சர்வர் இருக்கிறது. கூகுள் குழுமத்தின் நெஸ்ட் நிறுவனம் வாங்கிய ரிவால்வ் என்ற வீட்டுத் தானியங்கிக் கருவியின் சர்வரை 2016 மே மாதம் அணைத்தார்கள். காசு கொடுத்து வாங்கியவர்களின் பெட்டி அதோடு உபயோகமற்றுப் போனது. சர்வர் போனாலும் சென்சார் சைரனை அடிக்க வேண்டும், பேனல் சிம்மிலிருந்து கூப்பிட வேண்டும். பதிவு மெமரி கார்டிலும் விழ வேண்டும். ஆனால் கேமராவைப் பிடுங்கிப் போனால் கார்டும் போய்விடும் என்பதால் சில விநாடிப் படமாவது வெளியே சேமிக்கும் வசதி வேண்டும்.

வயரா, வயர்லெஸ்ஸா என்றால், வீடு கட்டும்போதே என்றால் வயர். கட்டி முடித்த வீட்டில் சுவரைக் குடைய மனம் வராது, வயர்லெஸ் போதும். ஆனால் 433 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலைவரிசையில் செய்தி அனுப்பும் மலிவான சென்சார்கள் பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டுமே பேசும். செய்தி போய்ச் சேர்ந்ததா என்று சென்சாருக்கே தெரியாது, அதன் பேட்டரி செத்துப்போனால் பேனலுக்கும் தெரியாமல் போகலாம். இரண்டு பக்கமும் பேசும் வகை கொஞ்சம் விலை கூடுதல்தான். பூட்டிய வீட்டுக்கு அதுதான் சரி.

உங்கள் வீடு தனி வீடா, அடுக்குமாடியா, எத்தனை வாசல் என்று கீழே எழுதினால் சென்சாரை எங்கே மாட்டலாம் என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். எந்தக் கேமரா மாடல் நல்லது என்று மட்டும் கேட்காதீர்கள்.