கிற்றார் செய்யப் பழக எங்கே தொடங்குவது?

கேள்வி: களுவாஞ்சிக்குடியில் இருந்து எழுதுகிறேன். வயது 23. மாமாவின் தளபாடப் பட்டறையில் இரண்டு வருடமாகத் தச்சு வேலை செய்கிறேன். கிற்றார் கொஞ்சம் வாசிப்பேன். மட்டக்களப்பு டவுனில் முப்பது வருடத்துக்கு மேலாகக் கிற்றார் திருத்தும் ஒரு பெரியவர் இருக்கிறார். சிலதைச் சொந்தமாகவும் செய்திருக்கிறார். "வந்து பழகு" என்கிறார். சேர்ட்டிபிக்கேற் கிடையாது, எத்தனை காலம் என்றும் சொல்லவில்லை. கையில் 60,000 ரூபா இருக்கிறது. மெஷின் வாங்கி வீட்டிலேயே தொடங்குவதா, அவரிடம் போவதா?

பதில்: போங்கள் தம்பி. முப்பது வருடம் கிற்றாரைத் திறந்து பார்த்தவர்கள் நம் பக்கத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? மெஷினை அடுத்த வருடமும் வாங்கலாம்.

இரண்டு வருடத் தச்சு வேலை நல்ல கைமுதல். உளி தீட்டத் தெரியும், மரத்தின் ஓட்டம் தெரியும். ஒரு பழக்கத்தை மட்டும் விடவேண்டி வரும். கதிரை செய்யும்போது சந்தேகம் வந்தால் மரத்தைத் தடிப்பாக விடுவோம். கிற்றாரில் அப்படி விட்டால் சத்தம் செத்துப்போகும். இரும்புக் கம்பிக் கிற்றாரின் மேல்பலகை 3 மில்லிமீற்றர் அளவுதான். ஆறு கம்பியும் சேர்ந்து இழுக்கும் இழுவையோ 70 கிலோவைத் தொடும். அந்தப் பலகை இதைத் தாங்கவும் வேண்டும், அதிரவும் வேண்டும். அதற்காகத்தான் உள்ளே குறுக்குக் கட்டைகள். எந்தக் கட்டையை எவ்வளவு சீவலாம் என்பதைப் பெரியவர் பலகையை லேசாக வளைத்து, விரலால் தட்டிப் பார்த்துச் சொல்வார். அவர் வைத்த உடனே அதே பலகையை நீங்களும் வாங்கி வளைத்துப் பாருங்கள். வீடியோ பார்த்து இது வராது.

ஆனால் போகும்போதே ஒன்றைக் கேளுங்கள்: முதலில் திருத்தப் பழக்கச் சொல்லுங்கள், செய்வது பிறகு. உடைந்து வருகிற கிற்றார்தான் எந்த இடத்தில் மரம் தோற்கிறது, எந்த ஒட்டு விடுகிறது என்று காட்டும். அதுவும் நம் ஊர் வெக்கையில். மாரியில் மரம் ஈரம் குடித்து மேல்பலகை உப்பும், கம்பி உயரும், "அமத்தக் கஷ்டமா இருக்கு" என்று பிள்ளைகள் கொண்டுவருவார்கள். கச்சான் காற்று அடிக்கத் தொடங்கியதும் அதே கிற்றார் காய்ந்து சுருங்கும். மரம் சுருங்குவது அகலவாட்டில். கழுத்தில் குறுக்கே பதித்த ஃப்ரெட் என்ற உலோகக் கம்பி சுருங்காது. அதனால் கழுத்தின் ஓரத்தில் ஃப்ரெட் முனைகள் நீட்டிக்கொண்டு விரலைக் கிழிக்கும். மாரியில் ஈரப் பலகையில் செய்து விற்ற கிற்றார் கச்சானில் வெடித்துத் திரும்பி வரும். ஒரு முழு வருடம் திருத்து வேலையில் நின்று இரண்டு பருவத்தையும் பாருங்கள். சொந்தக் கிற்றாரை அதற்கு முன் தொடங்குவது அவசரம் என்பதே என் எண்ணம்.

அந்த வருடத்தில் உங்கள் கைக்கு அதிகம் வரப்போவது கிளம்பிய பிரிட்ஜ், அதாவது மேல்பலகையில் ஒட்டி, கம்பிகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் கட்டை. நைலோன் கம்பிக்குச் செய்த கிற்றார் 40 கிலோ அளவு இழுவைக்குக் கட்டப்பட்டது. கல்யாண வீட்டில் பைலாவுக்குச் சத்தம் காணாது என்று அதில் இரும்புக் கம்பியைப் போட்டுவிடுவார்கள். கொஞ்ச நாளில் பிரிட்ஜின் பின் ஓரம் தூக்கும். ஒரு பஸ் டிக்கெற்றை அந்த இடுக்கில் செருகிப் பாருங்கள். உள்ளே வழுக்கிப் போனால் பசை விட்டுவிட்டது.

இந்த இடத்தில் சூப்பர் குளூவும் எபொக்சியும் வேண்டவே வேண்டாம். நான் பழகிய காலத்தில் ஆசான் இல்லாத நேரம் பார்த்து எபொக்சி ஊற்றி ஒட்டினேன். அடுத்தமுறை பிரிட்ஜ் கிளம்பியபோது மேல்பலகையின் நாரையும் பிய்த்துக்கொண்டு வந்தது. ஒரு பள்ளிப் பிள்ளையின் ஒரே கிற்றார் அது. இன்றும் மனதுக்குக் கஷ்டம். சரியான முறை மெதுவானது. பிரிட்ஜை இளஞ்சூடாக்கி, மெல்லிய தகட்டுக் கத்தியை மரத்தின் ஓட்டம் பார்த்து நுழைத்து, முழுதாகக் கழற்றவேண்டும். பழைய பசை ஒரு பொட்டும் இல்லாமல் வெறும் மரம் தெரியச் சுரண்டவேண்டும். பசை இல்லாமல் வைத்துப் பார்த்தால் இடையில் வெளிச்சம் தெரியக்கூடாது. பிறகு வச்சிரப் பசை அல்லது நல்ல மரப்பசை, உள்பக்கம் ஒரு தாங்கு கட்டை, கிளாம்ப். ஒரு நாள் கழியும்வரை கம்பி பூட்டவேண்டாம். இந்தப் பசைகள் சூட்டில் இளகும் என்பதால்தான் அடுத்தவர் இதை மறுபடி கழற்ற முடிகிறது. அதனாலேயே வெயிலில் பூட்டிய வாகனத்துக்குள் கிற்றாரை விடாதீர்கள் என்று வருகிற எல்லோருக்கும் சொல்லுங்கள்.

செய்யத் தொடங்கும்போது அளவு முக்கியம். வீணையில் மெட்டுகள் மெழுகின் மேல் நிற்கின்றன, சுருதி பார்த்து நகர்த்தலாம். கிற்றாரில் வாளால் பிளவு போட்டு அடித்துவிட்டால் அவ்வளவுதான். தலைப் பக்கம் கம்பி ஏறி நிற்கும் சின்னக் கட்டைதான் நட். அதில் இருந்து பிரிட்ஜில் கம்பி தொடும் இடம் வரையுள்ள கம்பி நீளத்தை 17.817 ஆல் வகுத்தால் நட்டில் இருந்து முதல் ஃப்ரெட் இருக்கும் தூரம் கிடைக்கும். 650 மில்லிமீற்றர் நீளத்துக்கு அது 36.48. மீதியை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் அடுத்தது, இப்படியே போகும். பன்னிரண்டாவது சரியாக 325இல் நிற்கவேண்டும். குறிக்கும்போது மட்டும் ஒவ்வொன்றையும் நட்டில் இருந்தே அளந்து குறியுங்கள். ஃப்ரெட்டுக்கு ஃப்ரெட் அளந்தால் சின்னப் பிழைகள் சேர்ந்து பெரிதாகும்.

பெரியவர் அளவு சொல்லாமல் "இன்னும் கொஞ்சம் இறக்கு" என்றுதான் சொல்வார். அவர் கைவைக்கும் முன்னும் பின்னும் நீங்கள் அளந்து கொப்பியில் எழுதுங்கள். இரும்புக் கம்பிக் கிற்றாரில் பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு மேல் தடித்த கம்பி 2 முதல் 2.5 மில்லிமீற்றர் உயரத்தில் நின்றால் பெரும்பாலானவர்களுக்குக் கை நோகாது. அவருடைய "கொஞ்சம்" எத்தனை மில்லிமீற்றர் என்று சில மாதத்தில் உங்களுக்குப் பிடிபடும்.

மரத்துக்குப் பழைய கட்டில், அலுமாரிகளைத் தேடுங்கள். பல வருடம் காய்ந்த முதிரை பின்பலகைக்கும் பக்கங்களுக்கும் அருமை. அதன் தூள் தோலில் அரிப்பும் தடிப்பும் கொண்டுவரும், முகக்கவசமும் முழுக்கைச் சட்டையும் இல்லாமல் தேய்க்கவேண்டாம். பத்திரம் இல்லாத காட்டு மரம் எவ்வளவு மலிவாக வந்தாலும் தொடாதீர்கள்.

சேர்ட்டிபிக்கேற்றைப் பற்றிக் கவலை வேண்டாம். உங்கள் தச்சு அனுபவத்தை வைத்து என்.வி.கியூ என்ற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் எடுக்க வழி இருக்கிறது, அரசின் தொழிற்பயிற்சி நிறுவனமான நைட்டா அலுவலகத்தில் விசாரியுங்கள். மாமாவின் வேலையையும் விடாதீர்கள். கிழமைக்கு எந்த மூன்று நாள் வருவது, எந்த வேலையை எப்போது தனியாகத் தருவார், அதில் உங்களுக்கு என்ன பங்கு என்பதை முதல் வாரமே மரியாதையாகப் பேசிவிடுங்கள். பேசாமல் விட்டு ஆறு மாதம் கழித்து மனக்கசப்பில் பிரிந்தவர்களைக் கண்டிருக்கிறேன்.

காசில் கொஞ்சத்தை எடுத்து நல்ல இரும்பு அடிமட்டம், வேர்னியர் கலிப்பர், சின்ன அரங்கள், நாலைந்து கிளாம்ப் வாங்குங்கள். ஃப்ரெட் வெட்டும் மெல்லிய வாளை அவரிடம் கேட்டு, அவர் பாவிக்கும் தடிப்பிலேயே பிறகு எடுக்கலாம். முதல் நாள் போகும்போது யாராவது எறிந்துவிட்ட கிற்றார் ஒன்றைத் தேடிப் பிடித்துக் கொண்டுபோங்கள். அதை அவர் முன்னால் இருந்து முதுகுப் பலகை கழற்றத் தொடங்கலாம்.